நட்சத்திரத்துக்குப் பத்துக் குச்சி

(நமது சங்கத்தின் நவம்பர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் செயலாளர் பண்டிகைச் செலவுக் கணக்கை வாசித்தார். அதில் "கிறிஸ்துமஸ் நட்சத்திரம், சீரியல் விளக்கு, தோரணம் வகைக்கு 2,840 ரூபாய்" என்று ஒரு வரி வந்தது. 35 வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவளுக்கு இப்படி ஒரு வரி காதில் விழுந்தால் கை தானாக உயர்ந்துவிடும். "அதற்கு முந்தின வருஷமும் வாங்கினோமே, அது என்ன ஆயிற்று?" என்று கேட்டேன். "மேடம், அது எரியலை, தூக்கிப் போட்டாச்சு" என்றார். "இந்த நட்சத்திரம்?" என்றேன். "இதுவும் ஜனவரியிலேயே போயிடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "சரி மேடம், அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு அரை மணி நேரம். என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார். கேள்வி கேட்டவளுக்குக் கிடைத்த தண்டனை இது.

அதனால்தான் இந்த மேஜை மேல் இத்தனை சாமான். ஒரு கட்டு மூங்கில் சிம்பு, நூல்கண்டு, கலர் பேப்பர், ஒரு கிண்ணம் மைதாப் பசை, ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு. இந்தப் பக்கம் தொங்குவது போன வருஷம் எங்கள் வீட்டு பால்கனியில் எரிந்த நட்சத்திரம். அதில் பாதிப் பேப்பரைக் கிழித்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். அதில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பது மூலதனச் செலவு, நடைமுறைச் செலவு என்ற இரண்டும்தான். கட்டடம் கட்டினால் மூலதனச் செலவு, சுண்ணாம்பு அடித்தால் நடைமுறைச் செலவு. கையால் செய்கிற நட்சத்திரத்தில் மூங்கில் கூடு மூலதனம். ஒரு தடவை கட்டினால் பல வருஷம் நிற்கும். அதன் மேல் ஒட்டுகிற பேப்பர் நடைமுறைச் செலவு. வருஷா வருஷம் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்ட வேண்டும். பல்பு எரியவில்லை என்றால் பல்பை மட்டும் மாற்றினால் போதும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரத்தில் இந்த மூன்றையும் ஒன்றாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஒன்று போனால் மூன்றும் குப்பைக்குப் போகிறது. எனக்குப் போன வருஷம் ஆன செலவு மூங்கிலுக்கு 60 ரூபாய், பேப்பருக்கு 75, நூலும் மைதாவும் 20. இந்த வருஷம் பேப்பர் செலவு மட்டும்தான்.

கணக்கு அவ்வளவுதான். ஆனால் கணக்குக்காக மட்டும் நான் இங்கே வந்து நிற்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டை. டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறும். யாரும் கடையில் வாங்கமாட்டார்கள். மூங்கில் வாங்கிவந்து வீட்டு வாசலில் வைத்துக் கட்டுவார்கள். எந்த வீட்டு நட்சத்திரம் பெரிசு, எந்த வீட்டு நட்சத்திரத்துக்கு வால் நீளம் என்று பிள்ளைகளுக்குள் ஒரே போட்டியாக இருக்கும். ராத்திரியில் கேரல் பாட வருகிற குழுவினர் தூரத்திலிருந்தே நட்சத்திரத்தை அடையாளம் வைத்து வீட்டைக் கண்டுபிடித்து வருவார்கள். நடுராத்திரியில் டிரம் சத்தம் கேட்டு எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு அவர்களுக்கு முறுக்கும் கருப்பட்டிக் காப்பியும் எடுத்துக் கொடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டுவது அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும். அக்காவுக்கும் எனக்கும் பசை காய்ச்சும் வேலை. பேப்பர் வெட்டவும் விடுவார்கள். மூங்கில் பக்கம் மட்டும் போகக் கூடாது. ஒரு தடவை நூலை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய அண்ணன், "நீ கெட்டுனா அவுந்துரும், போய் பசையப் பாருட்டி" என்று விரட்டிவிட்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார். அதனால் நட்சத்திரம் எப்படிக் கட்டுவது என்று எனக்குக் கடைசிவரை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பசை மட்டும் பிரமாதமாகக் காய்ச்சுவேன்.

வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, சென்னைக்கு வந்தேன். 1987 டிசம்பரில் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். நெல்லை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கும்போது அவர் கையில் பெட்டியோடு பழைய போர்வையில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலமும் இருந்தது. பிரித்துப் பார்த்தால் எங்கள் வீட்டு நட்சத்திரக் கூடு. அண்ணன்மாருக்குக் கொடுக்காமல் எனக்குக் கொண்டுவந்திருந்தார். "பசை காய்ச்ச ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் கூடு" என்றார். அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தக் கூட்டில்தான் பேப்பர் ஒட்டி மாட்டினோம்.

பிறகு என் மகள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போனாள். எல்லா வீட்டிலும் ஜிகினாப் புள்ளி போட்ட பளபள நட்சத்திரம் தொங்குகிறது, நம் வீட்டில் மட்டும் பேப்பர் நட்சத்திரமா என்று கேட்டாள். எனக்கும் வங்கியில் டிசம்பர் மாதம் வேலை அதிகம். பேப்பர் வெட்ட, ஒட்ட நேரமில்லை. கடையில் ஒன்று வாங்கினோம். கூடு பரணுக்குப் போனது. 2003-ல் இந்தக் குடியிருப்புக்கு வீடு மாறும்போது பரணைக் காலி செய்தோம். பழைய பேப்பர்க்காரர் பேப்பரையும் இரும்பையும் எடுத்துக்கொண்டு, "இந்த மூங்கில் எனக்கு வேண்டாம்மா" என்று கூட்டை வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் சாத்திவைத்துவிட்டு வந்தேன். லாரி வந்து நிற்கிற அவசரத்தில் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அப்பா வந்தார். பால்கனியில் கடை நட்சத்திரத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, "பழைய கூடு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். "பரண்ல பத்திரமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. 2 வருஷம் கழித்துக் காலமானார். கூடு பரணில் இருக்கிறது என்ற நினைப்போடுதான் போனார். இதை இதுவரை என் அண்ணன்மாரிடம்கூட நான் சொன்னதில்லை. நம் காலாண்டு மடலில் வந்தால் அவர்களும் படிப்பார்கள், படிக்கட்டும்.

ஓய்வு பெற்ற வருஷம் முதல் வேலையாக ஒரு கூடு கட்ட உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு, "அண்ணே, நட்சத்திரம் எப்படிக் கட்டணும்?" என்று கேட்டேன். என்னை விரட்டிய அதே அண்ணன். அவருக்கும் மறந்துபோயிருந்தது. "பத்துக் குச்சி, அஞ்சு கட்டை. அதுக்கு மேல ஞாபகம் இல்லம்மா" என்றார். பத்துக் குச்சியையும் ஐந்து கட்டையையும் வைத்துக்கொண்டு நான் கட்டிய முதல் நட்சத்திரம் ஒரு பக்கம் சாய்ந்த நண்டு மாதிரி இருந்தது. ஐந்து கையும் ஐந்து அளவு. அப்புறம் பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள்.

பேனாவை எடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் போடுவீர்களே, அதுதான் அடிப்படை. ஐந்து கோட்டுக்கு ஐந்து குச்சி. முன்பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம், பின்பக்கத்துக்கு ஒன்று. ஆக பத்துக் குச்சி. எல்லாம் ஒரே நீளம். வீட்டு பால்கனிக்கு 24 அங்குலம் போதும். இனி முக்கியமான விஷயம். குச்சியின் நீளத்தை 100 பங்கு என்று வைத்தால், ஒவ்வொரு முனையிலிருந்தும் 38-வது பங்கில்தான் இன்னொரு குச்சி அதை வெட்டிக்கொண்டு போகும். 24 அங்குலக் குச்சியில் அது முனையிலிருந்து 9 அங்குலமும் ஒரு நூலும். ஒவ்வொரு குச்சியிலும் இந்த இரண்டு இடத்தையும் பேனாவால் அடையாளம் போட்டுவிடுங்கள். அடையாளத்தோடு அடையாளம் சேருகிற மாதிரி குச்சிகளை வைத்தால் நட்சத்திரம் தானாகவே சரியாக வந்துவிடும், கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டாம். என் நண்டு நட்சத்திரத்தில் குறைந்தது இந்த அடையாளம்தான்.

முதலில் ஐந்து முனைகளையும் கட்டுங்கள். பிறகு குறுக்கே வெட்டும் ஐந்து இடங்களையும் கட்டுங்கள். இதே மாதிரி இன்னொன்று. இப்போது ஒன்றின் மேல் ஒன்றை வைத்து முனையோடு முனையை மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். முடிச்சு கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். கடைசியில் 5 அங்குல நீளத்தில் ஐந்து கட்டை. இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவே, குறுக்கே வெட்டும் இடங்களில் ஒவ்வொன்றாகக் கொடுத்து நிறுத்துங்கள். கட்டையின் இரண்டு நுனியிலும் கத்தியால் சின்னப் பள்ளம் போட்டால் குச்சி அதில் உட்கார்ந்துகொள்ளும், நழுவாது. மேலே நூலால் ஒரு கட்டு. ஐந்தாவது கட்டை ஏறியதும் தட்டையாகக் கிடந்தது தலையணை மாதிரி உப்பி நிற்கும். அந்த நிமிஷத்தைப் பார்க்க வேண்டும். போன வருஷம் ஏ பிளாக் பிள்ளைகள் நாலு பேர் உதவிக்கு வந்திருந்தார்கள், நாலு பேரும் கைதட்டினார்கள்.

மூங்கில் பிளப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் வந்தது. ஒல்லிப் பக்கம் வளையும், தடிப் பக்கம் வளையாது. கட்டை கொடுத்தவுடன் கூடு திருகிக்கொள்ளும். நம் கேட்டில் ராத்திரி பணியில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "கொடுங்கம்மா" என்று கத்தியை வாங்கினார். ஊரில் அவர்கள் வீட்டில் கூடை முடைகிற தொழில். மூங்கிலின் நுனிப்பக்கத்திலிருந்து கத்தியை இறக்கி, சரிபாதி, அதில் சரிபாதி என்று பிளந்துகொண்டே போனார். பத்து நிமிஷத்தில் இருபது சிம்பு, எல்லாம் ஒரே தடிமன். உட்புறச் சோற்றைச் சீவி எடுத்துவிட்டு, தோல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். தோல்தான் வளையும், ஒடியாது. ஆறு வருஷமாக தினம் அவர் வணக்கம் சொல்லி, நானும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அவர் கையில் இப்படி ஒரு வேலை இருப்பது எனக்குத் தெரியாது. இந்த வருஷமும் நமக்கு அவர்தான் மூங்கில் பிளந்து தரப் போகிறார். அதற்குரிய கூலியைச் சங்கம் தர வேண்டும் என்று செயலாளரை எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது பேப்பர். ஒவ்வொரு கைக்கும் முன்னால் ஒரு முக்கோணம், பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒல்லியாக இரண்டு. ஐந்து கைக்கும் சேர்த்து 20. முன்பக்க நடுவில் ஒரு ஐங்கோணம். மொத்தம் 21 துண்டு. பின்பக்க நடுவில் இருக்கும் ஐங்கோணத்துக்குப் பேப்பர் ஒட்டாதீர்கள். பல்பு மாட்டுவதும் கழற்றுவதும் அந்த வழியாகத்தான். சூடு வெளியே போவதும் அந்த வழியாகத்தான். பேப்பரைக் கூட்டின் மேலேயே வைத்துப் பென்சிலால் வரைந்து, சுற்றிலும் அரை அங்குலம் மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள். பசையைப் பேப்பரில் தடவாமல் குச்சியில் தடவுங்கள். மெல்லிய பேப்பர் பசை பட்டால் கையோடு வந்துவிடும். பட்டம் செய்கிற பேப்பர் இதற்கு நன்றாக இருக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

பசை என் துறை. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மிச்சத் தண்ணீரைச் சேர்த்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். ஊரில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். ஒரு சிட்டிகை படிகாரம் போதும்.

இனி விளக்கு. இதை மட்டும் பெரியவர்கள் கவனமாகக் கேளுங்கள். எங்கள் சின்ன வயசில் 40 வாட் குண்டு பல்புதான் போடுவோம். ஒரு வருஷம் காற்றில் ஆடி, பல்பு பேப்பரில் சாய்ந்து, முதலில் பழுப்பாகி, பிறகு ஓட்டை விழுந்து, புகைந்தது. சின்ன அண்ணன் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அப்பா அவனைப் பிடித்து நிறுத்திவிட்டு முதலில் மெயினை அணைத்தார். கரண்ட் ஓடும்போது தண்ணீரை ஊற்றியிருந்தால் நட்சத்திரத்தோடு போயிருக்காது. அதனால் மெழுகுவர்த்தி கூடாது, குண்டு பல்பும் கூடாது. சீரோ வாட் பல்பு என்று விற்பதுகூடப் பெயருக்குத்தான் சீரோ. பழைய வகை என்றால் 15 வாட் வரை எடுக்கும், சூடாகும். 3 வாட் எல்.இ.டி. பல்பு போதும். ஹோல்டரை நடுவில் நாலு பக்கமும் நூலால் இழுத்துக் கட்டிவிட்டால் ஆடாது. வயரில் ஜாயின்ட் போட்டு டேப் சுற்றுவதெல்லாம் வேண்டாம், நீளமான ஒரே வயராக வாங்குங்கள். தூங்கப் போகும்முன் அணைத்துவிடுங்கள்.

டிசம்பரில் சென்னையில் மழையும் இருக்கும். பேப்பர் நட்சத்திரத்தைத் திறந்த வெளியில் தொங்கவிட்டால் ஒரே ராத்திரியில் கூழ். நம் கேட்டுக்கான நட்சத்திரத்துக்குப் பேப்பருக்குப் பதில் பழைய மெல்லிய பருத்திச் சேலைத் துணியை ஒட்டலாம் என்பது என் யோசனை. ஈரமானாலும் கிழியாது, காய்ந்துவிடும். ஆனாலும் விளக்கு இருப்பதால் போர்டிகோ கூரைக்கு அடியில்தான் மாட்ட வேண்டும்.

நட்சத்திரம் கட்டுகிற அளவுக்குப் பொறுமை இல்லை என்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. பழைய மாதக் காலண்டரின் வழவழப்புத் தாளை ஓர் அங்குல அகலம், எட்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று வளையமாக ஒட்டிக்கொண்டே போனால் சங்கிலித் தோரணம். ஐந்து வயசுப் பிள்ளையும் செய்யும். தென்னை ஈர்க்கில் சின்னச் சின்ன நட்சத்திரம் கட்டலாம். காய்ந்த விளக்குமாற்று ஈர்க்கு ஒடியும், பச்சை ஓலையிலிருந்து கிழித்தால் வளையும். 38 பங்குக் கணக்கு இதற்கும் அதேதான். மரத்துக்குப் பிளாஸ்டிக் மரம் வேண்டாம். எங்கள் ஊரில் சவுக்குக் கிளையைத்தான் மணல் நிரப்பிய வாளியில் நட்டு, வாளிக்குக் கலர் பேப்பர் சுற்றுவோம். இங்கேயும் சவுக்கு கிடைக்கும்.

அப்புறம் குடில். எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு குடில் வைக்கிற வழக்கம் அவ்வளவாக இல்லை. பி பிளாக்கில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று ஒவ்வொரு வருஷமும் அழகாக வைக்கிறார்கள். பழுப்புப் பேப்பரைக் கசக்கி, காவியும் கறுப்பும் தெளித்தால் மலை. உடைந்த கண்ணாடித் துண்டின் ஓரத்தை மண்ணால் மூடினால் குளம். வைக்கோல் கூரை. புல்தரைக்குக் கோதுமையை ஒரு ராத்திரி ஊறவைத்து, மண் பரப்பிய தட்டில் டிசம்பர் 14 வாக்கில் தூவினால், 24-ம் தேதிக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். இதைச் சொன்னபோது என் பக்கத்து வீட்டு மாமி சிரித்தார். "இது நாங்க நவராத்திரிக்குக் கொலுவில பார்க் கட்டறதுதானே? கேழ்வரகும் கடுகும் போடுவோம்" என்றார். உண்மைதான். இந்தக் குடியிருப்பில் கொலு வைக்கிற வீடுகள் இருபதாவது இருக்கும். குடில் கட்டத் தெரிந்தவர்கள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்றும் சுருக்கமாகச் சொல்கிறேன். குடில் வைக்கும் வழக்கம் பரவியது புனித பிரான்சிஸ் அசிசியால். 1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அவர் ஒரு தொழுவத்தை அமைத்துக் காட்டினார். நட்சத்திரத்தைப் பற்றி நாலு சுவிசேஷங்களில் மத்தேயு மட்டும்தான் சொல்கிறார். அவரும் சாஸ்திரிகள் வந்தார்கள் என்கிறாரே தவிர, மூன்று பேர் என்று எண்ணிக்கை சொல்லவில்லை. மூன்று காணிக்கை என்பதால் நாம் மூன்று பேராக்கிவிட்டோம். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபையார் நடத்திய பள்ளிக்கூடத்தில், 1830-களில் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கப் பேப்பரில் நட்சத்திரம் செய்ய வைத்தார்கள். அதுதான் பிறகு ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று உலகமெல்லாம் போனது. கணக்குப் பாடத்தில் பிறந்த நட்சத்திரம் என்று படித்தபோது எனக்குப் பரம சந்தோஷம். பிலிப்பைன்ஸில் 'பரோல்' என்று ஒன்று கட்டுகிறார்கள். அதுவும் மூங்கிலும் பேப்பரும்தான், ஐந்து முனைதான். இலங்கையில் வெசாக் பண்டிகைக்கு மூங்கிலில் பேப்பர் ஒட்டி விளக்கு வைக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்கிற பெயர் வெசாக் கூடு. அப்பா சொன்ன அதே 'கூடு'.

முடிக்கும் முன் ஒன்று. கையால் செய்தது கடையில் வாங்கியதைவிட அழகாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பல சமயம் இருக்காது. எங்கேயாவது பசை தெரியும், ஒரு கை கொஞ்சம் கோணலாக இருக்கும். ஆனால் அதைத் தூக்கிப் போட மனசு வராது என்று நினைக்காதீர்கள். வரும். நானே போட்டிருக்கிறேன். யார் செய்தது, எப்படிச் செய்தது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால்தான் அது நிற்கும். அப்பா கட்டிய கூட்டை நான் கட்டத் தெரிந்துகொண்டிருந்தால் அன்றைக்குத் தொட்டியில் வைத்திருக்கமாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் பெண் பிள்ளைகள் பசைக்கு, ஆண் பிள்ளைகள் மூங்கிலுக்கு என்ற பாகுபாடு நம் இடத்தில் கிடையாது. எல்லோரும் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். முடிச்சு அவிழ்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை காலை 10 மணிக்குச் சங்கக் கூடத்தில் கூடுவோம். கத்தி வேலை பெரியவர்கள் மட்டும். பிள்ளைகள் கத்தரிக்கோல், ஸ்கேல், பென்சில், பழைய காலண்டர் கொண்டுவாருங்கள். யார் வீட்டிலாவது மெல்லிய பழைய பருத்திச் சேலை, மஞ்சளோ சிவப்போ இருந்தால் கொடுங்கள். பசை நான் காய்ச்சிக் கொண்டுவருகிறேன். கேட் நட்சத்திரத்துக்குக் குச்சி 4 அடி. 38 பங்கு என்றால் முனையிலிருந்து எத்தனை அங்குலத்தில் அடையாளம் போட வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். சரியாகச் சொல்கிற பிள்ளைதான் முதல் முடிச்சுப் போடலாம்.

பண்டிகை முடிந்து ஜனவரி முதல் வாரத்தில் பேப்பரையும் துணியையும் எடுத்துவிட்டு, பசையை ஈரத்துணியால் துடைத்து, கூட்டைக் காயவைத்துச் சங்க அலுவலக அறையில் மேலே தொங்கவிட வேண்டும். பசை இருந்தால் கரப்பான் வரும். செயலாளர் அவர்களே, அதைச் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவையுங்கள். "மூங்கில் நட்சத்திரக் கூடு, ஒன்று." அடுத்த வருஷம் கணக்கு வாசிக்கும்போது அது எங்கே என்று நான் கேட்பேன். இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், அறைக்கு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

எல்லோருக்கும் என் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள். பசை கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது, தொட்டுப் பார்க்க விரும்புகிற பிள்ளைகள் முன்னால் வரலாம்.